கேட்கத் தெரியாத ஊருக்கு யார் துணை?

2022 பிப்ரவரியில் ரஷ்யா முழு அளவில் படையெடுத்தபோது, ஜெர்மனியின் உள்ளாட்சிகளுக்கும் உக்ரைனின் உள்ளாட்சிகளுக்கும் இடையே இருந்த தோழமை ஒப்பந்தங்கள் 80-ஐக்கூட எட்டவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் அவை 200-ஐத் தாண்டிவிட்டன. ஓர் அயல்நாட்டு மாவட்டம் உக்ரைனில் ஓர் ஊரைத் தனக்கு உறவாக ஏற்கிறது. பிறகு அங்கிருந்து தீயணைப்பு வண்டி போகிறது, ஆம்புலன்ஸ் போகிறது, மின்சாரமில்லாத குளிர்காலத்துக்கு ஜெனரேட்டர் போகிறது. கோடை வந்தால் உக்ரைனிலிருந்து குழந்தைகள் அங்கே போய், சைரன் ஒலிக்காத இடத்தில் சில வாரங்கள் தூங்கிவிட்டு வருகிறார்கள்.

இதில் குறை காண என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் உக்ரைனில் ஹ்ரோமாதா எனப்படும் அடிப்படை உள்ளாட்சிகள் 1,469. அவற்றில் தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் தேர்ந்து, அதற்கு மட்டும் கொடுப்பது நியாயமா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. லிவிவ் நகரத்துக்கு உலகம் முழுவதும் நண்பர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் 1989 முதலே அதன் தோழமை நகரம். 2022 ஏப்ரலில் படுகொலைச் செய்தியால் உலகையே உறையவைத்த பூச்சாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். பெர்கிஷ் கிளாட்பாக் போன்ற ஜெர்மன் ஊர்கள் அதைத் தேடிப் போயின. சுமி எல்லையிலும் சப்போரிஷியா போர்முனையிலும் தினமும் குண்டு விழும் சிற்றூர்களின் பெயரோ செய்தியில் ஒருநாள் வந்து மறுநாள் மறைந்துவிடுகிறது. அங்கே ஆங்கிலத்தில் கடிதம் எழுதவோ விண்ணப்பம் நிரப்பவோ அலுவலகத்தில் ஆள் இல்லை. தேவை மிகுந்த ஊரே பெரும்பாலும் கேட்கத் தெரியாத ஊராகவும் இருக்கிறது.

அப்படியானால் பணத்தையெல்லாம் கீவில் ஒரே நிதியில் சேர்த்து, தேவைப்படி பிரித்துக் கொடுத்துவிடலாமே என்று ஒருவர் வாதிடலாம். கணக்கில் அது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அமைச்சகத்துக் கோப்புக்குத் தெரியாத பல விஷயங்கள் ஊருக்கு ஊர் நேரடியாகப் பேசும்போது தெரிகின்றன. கார்கிவின் சால்டிவ்கா பகுதி டிராம் பணிமனை 2022-இல் குண்டுவீச்சில் சிதைந்தபோது, பிராக் நகரம் தன்னிடமிருந்த பழைய தத்ரா டி3 டிராம் வண்டிகளை அனுப்பியது. கழித்துப்போட்டதைத் தருகிறார்களே என்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் அதே வகை வண்டிகள் கார்கிவின் தண்டவாளங்களில் பல பத்தாண்டுகளாக ஓடுபவை. பணிமனைத் தொழிலாளிக்கு அவற்றின் ஒவ்வொரு திருகும் பழக்கம். புத்தம் புதிய வேறு வண்டி வந்திருந்தால் உதிரிபாகமும் பயிற்சியும் இல்லாமல் மாதக்கணக்கில் நின்றிருக்கும். கொடை நல்லதா என்று அதன் வயதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பெறுகிற ஊரில் அது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஊர் கூச்சமின்றி, நன்றி குறைந்துவிடுமோ என்ற அச்சமின்றி, "இது வேண்டாம், அது கொடுங்கள்" என்று சொல்லக்கூடிய உறவு இருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு இடமில்லாத ஒப்பந்தம் எவ்வளவு அன்போடு எழுதப்பட்டிருந்தாலும், கையெழுத்திட்ட இரு ஊர்களில் ஒன்று கைகட்டி நிற்கிறது.

சில உறவுகளுக்குப் பின்னால் விருப்பத்தைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. நியூரம்பெர்க் நகரமும் கார்கிவும் 1990 முதல் தோழமை நகரங்கள். நாஜித் தலைவர்கள் மீதான புகழ்பெற்ற வழக்கு 1945-இல் நியூரம்பெர்க்கில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியும். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1943 டிசம்பரில், கார்கிவில் நாஜிப் போர்க்குற்றங்களுக்கான வழக்கு பொதுமக்கள் முன்னிலையில் நடந்து, மூன்று ஜெர்மானியரும் அவர்களோடு ஒத்துழைத்த உள்ளூர்க்காரர் ஒருவரும் தூக்கிலிடப்பட்டனர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு ஜெர்மன் ஊர் உக்ரைனிய ஊருக்குக் கொடுக்கும்போது, அதைத் தானம் என்ற கணக்கில் மட்டும் எழுத முடியாது. அதில் ஒரு பங்கு கடன்.

கடன் என்று ஒப்புக்கொண்டால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. செர்னிகிவ் மாநிலத்தில் கொர்யுகிவ்கா என்றொரு சிற்றூர். 1943 மார்ச் தொடக்கத்தில் இரண்டே நாளில் அங்கே ஏறத்தாழ 6,700 பேர் கொல்லப்பட்டார்கள், ஊர் எரிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஒரே ஊரில் நடந்த மிகக் கொடிய பழிவாங்கல்களில் ஒன்று அது. ஆனாலும் மேற்கே எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது? ஜெர்மன் அதிபர் ஷ்டைன்மையர் 2021 அக்டோபரில் அங்கே போனார். 2022 அக்டோபரில், போரின் நடுவே மீண்டும் போனார். விமானத் தாக்குதல் எச்சரிக்கை ஒலிக்க, ஊர்மக்களோடு நிலவறையில் காத்திருந்தார். அந்தப் பயணத்தின்போதுதான் அவரும் உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியும் இரு நாட்டு உள்ளாட்சிகளும் புதிய தோழமைகளை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று அழைப்பு விடுத்தார்கள். நல்ல அழைப்பு. ஆனால் ஒரு நாட்டின் தலைவர் நேரில் வந்து நின்றால்தான் ஓர் ஊர் கண்ணில் படும் என்றால், தலைவர் வராத ஊர்களின் நிலை என்ன?

நிர்வாகச் சிக்கலும் உண்டு. அதில் அறச்சிக்கல் ஒளிந்திருக்கிறது. 2020 ஜூலையில் உக்ரைன் தன் 490 ரயோன்களை, அதாவது மாவட்டங்களை, 136 ஆகச் சுருக்கியது. பணமும் அதிகாரமும் பெரும்பாலும் கீழே உள்ள ஹ்ரோமாதாக்களுக்குப் போயின. அதற்கு முன் ஒரு ரயோனோடு ஒப்பந்தம் செய்திருந்த அயல்நாட்டு மாவட்டம் ஒருநாள் திரும்பிப் பார்த்தால், மறுபக்கம் கையெழுத்திட்ட அலுவலகமே இல்லை. ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள், பள்ளி அங்கேதான் இருக்கிறது. சட்டப்படி ஒப்பந்தம் காலாவதியாகலாம். மனிதர்களுக்குக் கொடுத்த வாக்கு அப்படிக் காலாவதியாகுமா?

இதன் மிகக் கடினமான வடிவம் டொனெட்ஸ்க். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு 1956 முதலும், ஜெர்மனியின் போஹும் 1987 முதலும் அதற்குத் தோழமை நகரங்கள். நிலக்கரியும் எஃகும் வளர்த்த நகரங்கள் ஒன்றையொன்று தேடிக்கொண்ட உறவு அது. ஷெஃபீல்டில் இன்றும் ஒரு டிராம் நிறுத்தத்துக்கு டொனெட்ஸ்க் வே என்று பெயர். 2014-இலிருந்து டொனெட்ஸ்க் உக்ரைன் அரசின் கையில் இல்லை. அங்குள்ள ஆக்கிரமிப்பு நிர்வாகத்தோடு கைகுலுக்கினால் ஆக்கிரமிப்பை ஏற்பதாகும். உறவையே அறுத்துவிட்டால், தாங்களாக எதையும் தேர்ந்தெடுக்காத மக்களைக் கைவிடுவதாகும். போஹும் நகரத்தின் தோழமைச் சங்கம் ஆட்சியாளரைத் தொடாமல், போரில் சிக்கிய மக்களுக்கு உதவிகளைத் திரட்டி அனுப்பும் வழியைப் பிடித்துக்கொண்டது. டொனெட்ஸ்க் பல்கலைக்கழகமும் 2014-லேயே வின்னித்சியாவுக்கு இடம்பெயர்ந்து அங்கே பாடம் நடத்துகிறது. ஊர் என்பது கட்டடமும் கொடியும் என்று கொள்வதைவிட, சிதறிப்போன அதன் மனிதர்கள் என்று கொள்வதே இங்கு சரியான நிலைப்பாடு. அதைக் கடைப்பிடிப்பது சிரமம். ஏனென்றால் சிதறியவர்களுக்கு முகவரி இல்லை, மேயர் இல்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்திட ஆள் இல்லை.

கொடுப்பவர் எப்போதும் மேற்கே இருக்கிறார் என்ற எண்ணத்தையும் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். 2023 செப்டம்பரில் கார்கிவ் தன் மெட்ரோ நிலையங்களுக்குள் வகுப்பறைகள் திறந்தது. அடுத்த ஆண்டு நிலத்துக்கடியில் தனியாக ஒரு பள்ளியையே கட்டி முடித்தது. தாக்குதலுக்கு உள்ளாகும் நகரத்தில் தண்ணீரையும் வெப்பத்தையும் எப்படி விடாமல் கொடுப்பது, ஒரே இரவில் வந்து இறங்கும் அகதிகளை எங்கே தங்கவைப்பது என்பதில் இன்று உலகில் யாரையும்விட அதிகம் அறிந்தவர்கள் உக்ரைனின் நகராட்சி ஊழியர்கள். குடிமக்கள் பாதுகாப்பைப் பல பத்தாண்டுகளாக மறந்திருந்த ஐரோப்பிய மாவட்டங்களுக்கு இந்த அறிவு அவசரமாகத் தேவை. அதைக் கற்றுக்கொள்ள வரும் அதிகாரி, தன் தீயணைப்பு வண்டிக்கு நன்றிக்கடிதம் வாங்க வருபவரைவிட உக்ரைனியருக்கு அதிக மரியாதை செய்கிறார்.

ஆகவே பிடித்த ஊரைத் தேர்வது தவறில்லை. நேசம் ஓர் இடத்தில் ஊன்றினால்தான் பத்து ஆண்டு தாங்கும். போரைப் பற்றிய செய்தி குறைந்த பிறகும், புதிய உள்ளாட்சித் தேர்தலில் வேறு கட்சி வென்ற பிறகும், பட்ஜெட் இறுகிய பிறகும் நிற்கும். தவறு நேர்வது அந்த நேசம் ஒரே ஊரின் எல்லையோடு முடியும்போது. ஏற்கெனவே பல தோழமைகள் கொண்ட உக்ரைனிய ஊர், பக்கத்தில் யாருமற்ற ஹ்ரோமாதாவைத் தன்னோடு ஒப்பந்தத்துக்குள் அழைத்துவரலாம். ஜெர்மனி, போலந்து, உக்ரைன் என மூன்று நாட்டு ஊர்கள் சேர்ந்து செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன. அந்த மேசையில் நான்காவது நாற்காலி போடுவது கடினமில்லை. அந்தச் சிற்றூரில் கடிதம் எழுதவும் விண்ணப்பம் நிரப்பவும் ஓர் எழுத்தரின் சம்பளத்தை அயல்நாட்டு மாவட்டம் முதல் ஆண்டிலிருந்தே ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு தீயணைப்பு வண்டியின் விலையில் சிறு பங்குதான்.