உள்ளிருந்து மட்டும் மூடும் கதவு

வேதகலாபனைக் காலத்தில் ஒளிந்து கொள்வது கோழைத்தனமா, விவேகமா என்ற கேள்வி திருச்சபையில் மிகப் பழையது. ஆதிக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் சங்கீதம் பாடிக்கொண்டு சிங்கத்தின் வாய்க்குப் போனார்கள் என்று மறைக்கல்வி வகுப்பிலே நாம் எண்ணிக் கொள்கிறோம். உண்மை அப்படியன்று. ஓர் ஊரிலே துன்புறுத்தினால் மற்ற ஊருக்கு ஓடிப்போகும்படி ஆண்டவரே தம் சீடருக்குச் சொல்லியிருக்கிறார். கார்த்தேஜ் நகர ஆயர் புனித சிப்பிரியானார் 250ஆம் ஆண்டில் மறைவிடத்திலிருந்து கடிதங்கள் எழுதியே தம் சபையை நடத்தினார். அவரே 258இல் வாளுக்குக் கழுத்தைக் கொடுத்தார். புனித அத்தனாசியார் தாம் தப்பியோடியது சரியே என்று நியாயம் காட்டித் தனி நூலே எழுதினார். வந்தால்கள் ஆபிரிக்காவைச் சூறையாடிய வேளையில், ஓடலாமா என்று கேட்ட ஓர் ஆயருக்குப் புனித அகுஸ்தீனார் பதில் எழுதினார். ஆயனை மட்டும் தேடுகிறார்களானால் அவன் ஓடலாம். மந்தைக்கு அவன் தேவைப்படுகிற வேளையில் ஓடலாகாது என்பதே அதன் சாரம்.

எனவே ஒளிவது பாவமன்று. இக்கேள்வி தீர்ந்தது என்றே குருமடத்தில் நானும் எழுதிக் கொடுத்துப் புள்ளி வாங்கினேன். ஆனால் இதற்குள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை 2019ஆம் ஆண்டு, துருக்கி நாட்டிலே, நிலத்துக்கடியில் ஒரு கல்லின் முன்னே நின்றபோதுதான் நேர்முகமாகக் கண்டேன்.

புனித பவுல் அடியார் நடந்த இடங்களைத் தரிசிக்கச் சென்ற யாத்திரைக் குழுவில் நானும் ஒருவன். ஒரு நாள் முழுவதையும் கப்பதோக்கியாவுக்கென ஒதுக்கியிருந்தார்கள். பெந்தக்கோஸ்து நாளில் எருசலேமில் நின்ற பல தேசத்தார் வரிசையில் வருகிற பெயர் அது. பேதுருவின் முதல் திருமுகத்திலும் உண்டு. பழைய எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகிக் கல்லான பூமி. வெட்டும்போது மெதுவாயிருக்கும், காற்றுப் பட்டதும் இறுகிவிடும். ஆகவே அங்குள்ளவர்கள் வீட்டைக் கட்டவில்லை, குடைந்தார்கள். எங்கள் வழிகாட்டி ஒரு துருக்கி இளைஞர். முஸ்லிம், ஆயினும் எங்கள் திருச்சபைப் பிதாக்களைப் பற்றி எங்களிற் பலரைவிட அதிகம் தெரிந்தவர்.

காலையில் டெரின்குயு என்னும் இடத்துக்கு அழைத்துப் போனார். ஆழமான கிணறு என்பது அப்பெயரின் பொருள். மேலே சாதாரண ஊர்; கோழிகள் மேய்கின்றன. கீழே ஏறத்தாழ 85 மீற்றர் ஆழம்வரை ஒரு நகரம். 1963இல் ஒருவர் தம் வீட்டைத் திருத்தும்போது சுவருக்கு அப்பால் ஓர் அறை தென்பட்டதாம். அதற்கப்பால் இன்னோர் அறை, அதற்கப்பால் ஒரு வழி. இப்போது எட்டுத் தட்டுகள் வரை இறங்கிப் பார்க்கலாம். மேல்தட்டிலே மாட்டுத் தொழுவமும் முந்திரிகைப்பழம் பிழியும் தொட்டியும், அதன் கீழே தானியக் களஞ்சியம், சமையலறை, பள்ளிக்கூடம் என்று சொல்லப்படும் நீண்ட மண்டபம். அடியிலே சிலுவை வடிவான கோவில். காற்று இறங்குவதற்கு ஆழமான குழாய் போன்ற துவாரங்கள். கிணறுகளிற் சில மேலே திறக்கப்படவேயில்லை. பகைவர் நஞ்சு போடாதிருப்பதற்காக. இருபதினாயிரம் பேர் ஒளியலாம் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. எண்ணிக்கை எப்படியிருந்தாலும், குனிந்து, சில இடங்களில் தவழ்வதுபோல் இறங்கும்போது, முன்னே போகிறவரின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. எங்களுடன் வந்த ஓர் அம்மா செபமாலையைக் கையிலெடுத்துவிட்டார்.

ஒவ்வொரு தட்டுக்கும் வாசலில் ஒரு கல். திருகைக் கல்லைப் போல வட்டமானது. ஒரு மனிதனின் நெஞ்சளவு உயரம், இருநூறு முதல் ஐந்நூறு கிலோ வரை பாரம். சுவரிலே வெட்டிய பள்ளத்தில் நிற்கிறது. உருட்டினால் வழியை அடைத்துவிடும். உள்ளேயிருந்து மட்டுமே உருட்டலாம். வெளியே எத்தனை பேர் நின்று தள்ளினாலும் அசையாது. நடுவிலே ஒரு துவாரம். ஈட்டியால் குத்துவதற்கு என்பர் சிலர். வெளியே நிற்பது யார் என்று பார்ப்பதற்கு என்பர் வேறு சிலர்.

ஏழாம் நூற்றாண்டுக்குப் பின் அராபியப் படைகள் ஆண்டுதோறும் வந்து போன காலத்தில் இந்த நகரங்கள் பெரிதும் பயன்பட்டன. மிக அண்மையிலும் பயன்பட்டன. 1909இல் அதானா நகரில் கொலைகள் நடந்த செய்தி எட்டியதும், அக்ஸோ என்னும் ஊரின் கிறிஸ்தவர்கள் இரவிலே நிலத்தடிக்குப் போய்விட்டார்கள் என்று இங்கிலாந்து மொழியறிஞர் டோக்கின்ஸ் எழுதி வைத்திருக்கிறார்.

வழிகாட்டி கல்லைத் தட்டிக் காட்டி, “இதை எப்போது உருட்டுவது என்பதுதான் சிரமமான வேலை” என்றார். குதிரைகளின் சத்தம் கேட்கிறது. வயலிலிருந்து இன்னும் சிலர் வந்து சேரவில்லை. கல்லின் பக்கத்தில் நிற்கிறவன் என்ன செய்வான்? மற்றவர்கள் அடுத்த தட்டுக்கு இறங்கிவிட்டார்கள். எனக்கு அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. நான் கல்லைப் பார்க்கவில்லை, என் தகப்பனாரைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

1990 ஆனியில் யுத்தம் மீண்டும் மூண்டபோது எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவின் பின்புறம், கிணற்றடிக்கும் வேலிக்கும் இடையில் பங்கர் வெட்டினோம். மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூடை. வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களிற் பலர் அதிலே வளர்ந்தவர்கள். ஒரு நாள் மாலை பொம்பர் சுற்றத் தொடங்கியது. நாங்கள் ஆறு பேர் இறங்கிவிட்டோம். அப்பா வாசலில் இருந்தார். ஒழுங்கையால் ஓடிவந்த ஒருவர், தம் வயோதிபத் தாயாரைக் கையில் பிடித்தபடி, “அண்ணை, அம்மாவுக்கு மட்டும் ஒரு இடம்” என்றார். அப்பா கையைக் குறுக்கே வைத்தார். “இடமில்லை. கோயிலடிப் பங்கருக்குப் போங்கோ” என்றார். கோயில் இருநூறு யார் தூரம். அவர்கள் போனார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. குண்டு வேறெங்கோ விழுந்தது. அந்தக் கிழவி பின்னர் எங்களைப் போலவே இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, பல ஆண்டுகளின் பின் தன் வீட்டிலே, நோயில் பூசுதல் பெற்றுச் செத்தாள். பிரேதப் பெட்டிக்கு அப்பாவும் தோள் கொடுத்தார். மகன் எங்களோடு ஒருபோதும் கோபித்ததில்லை. ஞாயிறு பூசை முடிந்து வரும்போது தலையசைப்பார்.

சமாதான ஒப்பந்த காலத்தில், நான் ஒழுக்கவியல் படித்துக் கொண்டிருந்தேன். விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா கேட்டார்: “தம்பி, அண்டைக்கு நான் செய்தது பாவமோ?” எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. அன்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று புனித தோமஸ் அக்குவினாஸ் கற்பித்ததைச் சொன்னேன். தகப்பனுக்கு முதற் கடமை தன் பிள்ளைகள். வேறொரு புகலிடத்தையும் காட்டினீர்கள். உங்களுக்குக் கெட்ட எண்ணமில்லை என்றேன். அவர் கேட்டுக் கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “நீ படிச்சதைச் சொல்லுறாய். உள்ளுக்குத் தையல் மெசின் இருந்தது.”

இருந்தது. அதன் தலையைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, அரிசி மூடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். ஓர் ஆள் குந்தியிருக்கும் இடத்தை அது பிடித்திருந்தது.

டெரின்குயுவிலே மேல்தட்டில் மாடுகளுக்கு இடமிருந்ததைக் கண்டேன். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மாடில்லாமல் மாதக்கணக்கில் எப்படி உயிர் வாழ்வது? அம்மா தைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. முதல் நற்கருணைச் சட்டைகள் எத்தனையோ அந்த மெசினில் தைக்கப்பட்டவை. அது ஆடம்பரப் பொருளன்று. ஆயினும் தோமஸ் அக்குவினாஸின் அதே பாடத்தில் நான் அப்பாவுக்குச் சொல்லாமல் விட்ட பகுதியொன்று உண்டு. அந்நியன் ஒருவன் உயிராபத்தான தேவையில் நிற்க, சொந்தத் தகப்பனுக்கு அத்தகைய தேவை இல்லையானால், அந்நியனுக்கே முதலில் உதவ வேண்டும் என்கிறார் அவர். நெருங்கியவர் முதல், தூரத்தவர் பிறகு என்பது தேவை ஒரே அளவாயிருக்கும்போது செல்லும் விதி. எங்கள் பங்கரில் ஒரு பிள்ளையை வெளியே விட்டுத்தான் கிழவியை ஏற்கவேண்டும் என்ற நிலை இருந்திருந்தால், அப்பா சொன்னது சரி. பிழைப்புக்கான பொருளொன்றை வெளியே வைத்தால் போதும் என்ற நிலையில் அது வேறு கணக்கு. ஒன்றும் நடக்காமற் போனதால் கணக்கு மாறாது. செயலின் தன்மை குண்டு எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்ததன்று.

ஆனால் குதிரைச் சத்தம் கேட்கும் வேளையில், அல்லது விமானம் தாழும் வேளையில், எந்த மனிதன் சாக்கை அவிழ்த்துப் பார்த்துக் கணக்குப் போடுவான்? அந்த நேரத்துக் கை தானாக எழும்பும் கை. அதற்காக அப்பாவைக் குற்றவாளியாக்க நான் துணியமாட்டேன். என் எண்ணம் என்னவென்றால், கதவை மூடுவது கதவடியில் தீர்மானிக்கப்படுவதில்லை. அது குழி வெட்டும்போதே, பொருட்களை உள்ளே அடுக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. ஆறு பேருக்கென்று வெட்டினோம். ஏழாவது ஆள் வருவார் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் நினைக்கவில்லை. மெசினை மட்டும் நினைத்தோம்.

இவ்விடத்திலே அதே கப்பதோக்கியாவைச் சேர்ந்த புனித பசிலியார் நினைவுக்கு வருகிறார். அவருடைய பாட்டியார் மக்ரீனா வேதகலாபனைக் காலத்தில் கணவரோடு ஏறத்தாழ ஏழாண்டுகள் பொந்துவின் காடுகளில் ஒளிந்திருந்தவர். ஒளிந்திருப்பது என்னவென்று தெரிந்த குடும்பம். நான்காம் நூற்றாண்டில், ஏறத்தாழ 369இல், செசரியா நகரைப் பஞ்சம் பிடித்தபோது, களஞ்சியத்தைப் பூட்டி வைத்திருந்தவர்களை அவர் கோவிலிலே கடிந்து பேசினார். அதோடு நிற்காமல் நகருக்கு வெளியே வழிப்போக்கருக்கு விடுதியும், நோயாளருக்கும் தொழுநோயாளருக்கும் மனையும் கட்டினார். நகருக்கு வெளியே கட்டியதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. யார் வருவார் என்று தெரியுமுன்னே இடம் விட்டுவிட்டார்.

மதியம் இஹ்லாரா பள்ளத்தாக்கு. வெயில் கொளுத்தும் மேட்டு நிலத்திலிருந்து ஏறத்தாழ நானூறு படிகள் இறங்கினால், நூறு மீற்றருக்கு மேற்பட்ட செங்குத்துப் பாறைகளுக்கு இடையே மெலெந்திஸ் என்னும் சிற்றாறு குளிர்ந்து ஓடுகிறது. கரையெல்லாம் மரங்கள். பாறையில் குடைந்த கோவில்கள், சுவர்களிலே சித்திரங்கள். பல அர்ச்சிஷ்டவர்களின் கண்கள் தோண்டப்பட்டிருக்கின்றன. நிலத்தடியிலிருந்து வந்த எங்களுக்கு ஆற்றுச் சத்தமே ஒரு ஆறுதல். பெலிசிர்மா என்ற ஊரில் தண்ணீருக்கு மேலே போட்ட பலகைத் தட்டிலிருந்து மீன் சாப்பிட்டோம்.

அவ்வூருக்கு அருகில், பாறை உச்சியிலுள்ள புனித ஜோர்ஜியார் கோவிலுக்குக் குழுவில் நால்வர் மட்டும் ஏறினோம். ஏறியது வீண்போகவில்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் தீட்டிய சித்திரத்திலே, புனிதருக்கு ஒரு பக்கம் தாமார் என்னும் சீமாட்டி, மறுபக்கம் பசில் என்னும் கிறிஸ்தவ அதிகாரி. அவர் தலையிலே தலைப்பாகை, உடலிலே துருக்கிய நீளங்கி. கல்வெட்டில் கிரேக்கப் பேரரசரின் பெயரும் இருக்கிறது, செல்யூக் சுல்தானின் பெயரும் இருக்கிறது. முன்னோர் யாருக்காகக் கல்லை உருட்டினார்களோ, அப்படிப்பட்டோரின் ஆட்சியில் பேரர் உத்தியோகம் பார்த்துக்கொண்டு கோவிலும் கட்டுகிறார்கள். துவாரத்தினூடாகப் பார்க்கும்போது வெளியே நிற்பவன் பகைவனாக மட்டும்தான் தெரிவான். இப்படியொரு நாள் வரும் என்று அந்தத் துவாரத்திலே தெரியாது.

பிறகு அதுவும் முடிந்தது. 1923ஆம் ஆண்டு லொசான் உடன்படிக்கையின்படி கப்பதோக்கியாவின் கிறிஸ்தவர்கள் கிரேக்க நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கெல்வெரி என்ற ஊரார் புனித நசியான்சு கிரகோரியாரின் திருப்பண்டத்தையும் சுமந்துகொண்டு போனார்கள். அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளுக்கு, கிரேக்கத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வந்து சேர்ந்தார்கள். வழிகாட்டி இதைச் சொல்லும்போது எனக்கு வேறு நினைவு வந்தது. நாங்கள் பங்கர் வெட்டிய அதே 1990இல், ஐப்பசி மாதத்தில், வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் எல்லோரும் சில மணி நேர அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் வீட்டிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பயம் இருந்தது, மறுக்கவில்லை. அந்தக் கல்லையும் நாங்கள் உள்ளிருந்துதான் பார்த்துக் கொண்டிருந்தோம்.

அப்பா 2015இல் காலமானார். ஆகவே டெரின்குயுவைப் பற்றி அவரிடம் சொல்ல முடியவில்லை. ஊர் திரும்பியபின் அம்மாவிடம் சொன்னேன். மெசின் இன்னும் முன்விறாந்தையில் இருக்கிறது. இப்போது கண் தெரியாததால் அவர் தைப்பதில்லை. கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். “மெசினை உள்ளுக்கு வைக்கச் சொன்னது நான் தம்பி. கொப்பர் வெளியில வைப்பம் எண்டுதான் சொன்னவர்” என்றார். அப்பா என்னிடம் கேட்ட அன்று, இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவரிடம் நான் அன்று கொடுத்த பதிலைத் திருத்துவதற்கே இதை எழுதினேன். இப்பத்திரிகையை வாசிப்பவர்களில் அப்படியொரு வாசலுக்கு உள்ளே இருந்தவர்களும் இருப்பீர்கள், வெளியே நின்றவர்களும் இருப்பீர்கள். வெளியே நின்றவர்கள் எழுதினால், பெயரின்றிப் பிரசுரிப்பேன்.