கல்லில் உயிர் எங்கே?

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர் மீனுக்கும் பவளத்துக்கும் முன்பாக வாங்க வேண்டியது கல். லைவ் ராக் என்று கடைகளில் சொல்லப்படும் இந்தக் கல், செத்துப்போன பவளங்களின் சுண்ணாம்புக் கூடுகள் காலப்போக்கில் இறுகிப் பாறையானது. கையில் எடுத்தால் பருமனுக்குப் பொருந்தாமல் லேசாக இருக்கும்; உள்ளே அவ்வளவு துளை. மேலே ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சுண்ணாம்புப் பாசி அப்பியிருக்கும். இடுக்குகளில் கடற்பஞ்சு, குழாய்ப்புழு, பொடி நத்தை, நகக்கண் அளவு நண்டு; கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்குக் கணக்கே இல்லை. இத்தகைய கற்களைத் தொட்டிக்குள் அடுக்கிச் சுவர் எழுப்பிவிட்டால், மீன்கள் கழிக்கும் அம்மோனியாவை அந்தச் சுவரே பார்த்துக்கொள்ளும். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் இப்படிக் கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டும் நம்பிக் கடலுயிர்களை வளர்த்து, 1961இல் அதைப் பற்றி எழுதினார். பிற்பாடு ஜெர்மானியர்கள் இதனோடு புரதக் கழிவை நுரையாக்கி அகற்றும் ஸ்கிம்மரைச் சேர்த்தார்கள். பெர்லின் முறை என்று அது பெயர் பெற்றது. இப்படி வேலை செய்யும் கல்லுக்கு உயிர் உண்டா, உண்டென்றால் அது எங்கே இருக்கிறது என்பது பொழுதுபோகாதவர்களின் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் கடலடியிலிருந்து அதைப் பெயர்த்தெடுப்பது பாவமா, பாவமென்றால் யாருக்குச் செய்த பாவம் என்பதெல்லாம் இந்தக் கேள்வியின் பதிலில்தான் தொங்குகிறது.

இதற்கு மிகப் பழைய பதிலை வைத்திருப்பவர்கள் சமணர்கள். மண்ணையும் கல்லையும் உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்பது அவர்கள் கொள்கை. உத்தராத்யயன சூத்திரத்தின் 36ஆம் அத்தியாயம் அவற்றைப் பட்டியலிடும்போது மணல், பாறை, உப்பு, இரும்பு, பொன் என்று சொல்லிக்கொண்டே போய்ப் பவளத்தையும் அந்த வரிசையில் சேர்க்கிறது. தொல்காப்பியத்தின் மரபியலோ புலன்களை எண்ணி உயிர்களைப் பிரிக்கிறது: புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, நத்தைக்கும் சிப்பிக்கும் ஈரறிவு, இப்படி மனிதன் வரை ஏறுகிறது. கல் அந்த ஏணியில் இல்லை. ஐரோப்பாவில் பவளத்தை நெடுங்காலம் செடி என்றே நம்பினார்கள். 1720களில் பெய்சொனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் அது விலங்கு என்று சொன்னபோது அறிஞர் சபை அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரே பொருளைக் கல், செடி, விலங்கு என்று மூன்று பக்கம் இழுத்திருக்கிறார்கள். இழுத்தவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. உயிர் என்பது ஏதோ ஓர் உடலுக்குச் சொந்தமானது. உடல்களை எண்ணினால் உயிர்களை எண்ணியதாகும். கல்லே ஓர் உடல் என்றார் சமணர். கல் வெறும் இடம், அதன்மேல் ஊர்பவையே உடல்கள் என்கிறார் இன்றைய உயிரியல் மாணவர். எண்ணிக்கையில் வேறுபாடு, எண்ணும் முறையில் வேறுபாடில்லை.

இந்த எண்ணும் முறை லைவ் ராக்கிடம் தோற்றுப்போகிறது என்பதே என் வாதம். கல்லின் வெளிப்புறத்தில், ஆக்சிஜன் நிறைந்த நீர் ஓடும் இடத்தில், ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஒளியோ உணவோ இன்றி இந்த வேதிமாற்றத்தாலேயே பிழைக்கும் உயிர்கள் இவை என்பதை 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி நிறுவினார். நைட்ரேட் அத்தோடு நின்றுவிட்டால் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். ஆனால் துளைகளின் உட்புறத்தில் நீர் மெல்ல ஊறிச் செல்லும்போது, வழியிலுள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜன் இல்லாத அந்த ஆழத்தில் வேறொரு கூட்டம் நைட்ரேட்டையே மூச்சுக்குப் பயன்படுத்தி அதை நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றுகிறது. வெளியே இருப்பவை மூச்சுவிட்டுத் தீர்ப்பதால்தான் உள்ளே இருப்பவற்றுக்கு வாழ இடம் கிடைக்கிறது. இப்போது ஒரு சோதனையை மனத்தில் செய்து பார்க்கலாம். அதே கல்லை உரலில் இட்டுப் பொடித்து, பொடியைத் தொட்டியின் தரையில் மெல்லிய படலமாகத் தூவிவிடுங்கள். சுண்ணாம்பின் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. பாக்டீரியாக்களும் அந்த நிமிடத்தில் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். எண்ணுகிறவரின் கணக்குப்படி பெரிய இழப்பில்லை. ஆனால் ஆக்சிஜன் இல்லாத ஆழம் என்பதே இப்போது எங்கும் கிடையாது. நைட்ரேட் ஏறத் தொடங்கும். அழிந்தது உடல்களின் பட்டியலில் இல்லாத ஒன்று: உள் என்றும் வெளி என்றும் இருந்த ஏற்பாடு.

மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் வரிசையாக வந்து தம் கொள்கையைச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவன் பூதவாதி. தாதகிப் பூவையும் வெல்லக் கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால் கள்ளின் மயக்கம் பிறக்கிறது, அதுபோல நிலம், நீர் முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்பது அவன் பேச்சு. மணிமேகலை அவனை மறுத்துவிட்டு நகர்கிறாள். சாத்தனார் பௌத்தர், வேறு எப்படி எழுதுவார்! ஆனால் அன்று வஞ்சியில் பேசியவர்களில் நம் கல்லுக்கு மிக அருகில் வந்தவன் பூதவாதிதான் என்று நினைக்கிறேன். மயக்கம் பூவிலும் இல்லை, கட்டியிலும் இல்லை. நீரைத் தூய்மையாக்கும் அந்த உயிர்ப்பும் சுண்ணாம்பில் இல்லை, எந்தத் தனி பாக்டீரியத்திலும் இல்லை. கூட்டத்தில், அதுவும் குறிப்பிட்ட விதமாக அமைந்த கூட்டத்தில் இருக்கிறது. இதிலிருந்து அவன் எடுத்த முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. கூட்டத்தில் பிறப்பது கலைந்தால் போய்விடும், ஆகவே இங்கே கிடைக்கும் இன்பத்தை அனுபவிப்பதைத் தவிர வேறெதுவும் இல்லை என்றான் அவன். கலைந்தால் போய்விடும் என்பதிலிருந்து, கலைக்காமல் இருக்க வேண்டும் என்ற கடமைதான் முதலில் பிறக்க வேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கூட்டினால் உயிர் பிறக்கும் என்றால், காய்ந்த சுண்ணாம்புக் கல்லை உப்புநீரில் போட்டதும் அது உயிர்பெற வேண்டுமே? பெறுவதில்லை. 1860களில் பாஸ்தர் காட்டியபடி, உயிர் உயிரிலிருந்துதான் வருகிறது. எங்கிருந்தாவது விதை வந்தாக வேண்டும்: புட்டியில் விற்கும் பாக்டீரியாவாகவோ, பழைய தொட்டியிலிருந்து எடுத்த ஒரு பிடி மணலாகவோ. இது உண்மைதான், மறைப்பதற்கில்லை. பூதவாதிக்கே இது தெரிந்திருந்தது; உயிருள்ள பூதம், உயிரில்லாத பூதம் என்று பிரித்து, அததன் வழியில் அதது பிறக்கும் என்று அவன் சொல்லியிருக்கிறான். என் வாதத்துக்கும் இது இடைஞ்சல் இல்லை. விதை போட்ட அன்றே கல் வேலை செய்யத் தொடங்குவதில்லை. நான்கு முதல் ஆறு வாரம் வரை அம்மோனியா ஏறி இறங்கி, பின் நைட்ரைட் ஏறி இறங்கி, அதற்குப் பிறகே மீன் விடலாம். உட்துளைகளில் கூட்டம் நிலைகொள்ள இன்னும் மாதங்கள் ஆகும். விதை உடல்களைத் தருகிறது, குடியிருப்பைத் தருவதில்லை. இதே கல்லின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கடலிலிருந்து எடுத்து ஈரத்தாளில் சுற்றி விமானத்தில் அனுப்பப்படும் கல்லில், வழியிலேயே கடற்பஞ்சும் புழுவும் செத்து அழுகத் தொடங்கும். வந்த கையோடு அதைத் தொட்டியில் போட்டால், சுத்தம் செய்ய வந்த அதே கல் அம்மோனியாவைக் கக்கி மீன்களைக் கொல்லும். அதனால்தான் தனிப் பாத்திரத்தில் வாரக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். மருந்தாவதும் நஞ்சாவதும் கல்லின் குணமில்லை. குடியிருப்பு நிலைத்திருக்கிறதா குலைந்திருக்கிறதா என்பதே.

சுவர் எழுப்பும் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால் இது இன்னும் விளங்கும். பழைய வாய்பாட்டின்படி லிட்டருக்குச் சுமார் 120 முதல் 240 கிராம் கல் வேண்டும். அறுபது லிட்டர் தொட்டிக்கு ஏழு கிலோவாவது ஆகும். புதிதாகச் செய்பவர்கள் கற்களைப் பின்கண்ணாடியோடு ஒட்டிச் செங்கல் சுவர்போல நெருக்கி அடுக்கிவிடுவார்கள். கண்ணுக்கு அழகாக இருக்கும். சுவருக்குப் பின்னால் நீர் ஓடாது, கழிவு மண்டும், சில மாதத்தில் நைட்ரேட் ஏறும். விவரம் தெரிந்தவர் பெரிய கல்லை மணலுக்கு முன்பே கண்ணாடித் தரையில் நேராக உட்காரவைப்பார், அடியில் தோண்டும் மீன்களும் இறால்களும் சுவரைச் சரித்துவிடாதபடி. அடுத்த கல்லை மூன்று இடங்களில் மட்டும் தொடும்படி நிறுத்தி, தேவையான இடத்தில் எபாக்ஸி வைத்து, கையால் ஆட்டிப் பார்ப்பார். பின்கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே விரல்கள் நுழையும் அளவு வெற்றிடம் விடுவார். அவருடைய திறமை முழுவதும் கல் இல்லாத இடங்களை எங்கே விடுவது என்பதில்தான் இருக்கிறது. குயவன் பானைக்கு நிமித்த காரணம் (அதாவது செய்பவன்), இறைவன் உலகுக்கு நிமித்த காரணம் என்பது சைவ சித்தாந்திகள் விரும்பிச் சொல்லும் உவமை. தொட்டிக்காரரையும் அப்படி ஒரு குட்டிப் படைப்பாளி என்று சொல்ல ஆசை வரும். அது பொருந்தாது. குயவன் நினைத்தது பானையாகிறது. இங்கோ, நினைக்காதது வந்து சேர்கிறது: துளைக்குள் பதுங்கி வந்த மான்டிஸ் இறால் ஓர் இரவில் மீனை அடித்துக் கொல்கிறது, கண்ணாடிபோன்ற ஐப்டேசியா என்ற அனிமோன் பவளங்களைக் கொட்டிக்கொண்டே பெருகுகிறது. சுவருக்கு அவர் நிமித்த காரணம்தான். அதில் குடியேறிய உயிர்ப்புக்கு அவர் காரணமில்லை. மின்சாரம் போய் நீரோட்டம் நின்றால், சிறு தொட்டியில் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்பதை அறிந்தவர் தம்மைக் கடவுள் என்று எண்ணிக்கொள்ள மாட்டார்.

வலியை உணராத ஒன்றுக்கு எப்படித் தீங்கு செய்ய முடியும் என்பது அடுத்த கேள்வி. கல் அழாது, பாக்டீரியா துடிக்காது. கொல்லாமை என்பது துன்பப்படக்கூடிய உயிர்களுக்கானது, அதைச் சுண்ணாம்புக்கு நீட்டுவது மிகை என்பார்கள். சரி, புலன் உள்ளவற்றை மட்டும் காப்பாற்றுவோம் என்று வைத்துக்கொள்வோம். மரபியலின் ஏணியில் ஈரறிவு பெற்ற நத்தையைக் கல்லிலிருந்து பிரித்தெடுத்துத் தூய உப்புநீரில் விடுங்கள். தன் கழிவின் அம்மோனியாவிலேயே அது செத்துப்போகும். நத்தைக்கு நாம் பட்ட கடமை கல்லின் வழியாகத்தான் நத்தையை அடைகிறது. வலி உள்ளவற்றின் நலம் வலியில்லாதவற்றின் அமைப்பில் கிடக்கும்போது, அமைப்பை விட்டுவிட்டு வலியை மட்டும் மதிப்பேன் என்பது அரைகுறைக் கருணை. சமணர் கல்லிலேயே ஓர் உயிரைக் கண்டது என் பார்வையில் தவறு. ஆனால் கல்லைப் பெயர்க்கும் கை தயங்க வேண்டும் என்று அவர்கள் சொன்னது சரி; காரணம்தான் வேறு.

அப்படியானால் கால் வைக்கவே முடியாதே, வயல் மண்ணும் குடியிருப்பு, நம் குடலும் குடியிருப்பு, எதைத் தொட்டாலும் பாவமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எல்லாக் குடியிருப்பும் சம மதிப்புடையது என்று நான் சொல்லவில்லை. குலைந்தது திரும்ப அமைய எவ்வளவு காலம் ஆகும் என்பதை அளவுகோலாகக் கொள்ளலாம். தொட்டிச் சுவரைக் கலைத்து அடுக்கினால் சில வாரங்களில் பழைய நிலைக்கு வரும். கடலிலோ, பெரிய உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். தலையளவு கல் என்றால் பல்லாண்டுகள், ஒரு பவளப்பார் என்றால் பல நூற்றாண்டுகள். முன்னதைக் கலைப்பது வேலை, பின்னதைக் கலைப்பது சூறை. மன்னார் வளைகுடாவில் இது ஏட்டு விவாதமாக நிற்கவில்லை. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய பார்களிலிருந்து சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளக்கல்லை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் மூழ்கிப்போனதற்கு அந்த வெட்டு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. வெட்டியவர்கள் எடுத்ததில் பெரும்பகுதி செத்த கல். உடல்களை எண்ணுகிறவருக்கு அது கொலையாகவே படாது. ஆனால் அலையைத் தாங்கியது அந்தச் செத்த கல்தான். மீன் முட்டையிட்டதும் புதிய பவளம் ஒட்டி வளர்ந்ததும் அதன்மேல்தான்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கடலிலிருந்து லைவ் ராக் பெயர்ப்பதை 1990களில் படிப்படியாக நிறுத்திவிட்டு, நிலத்தில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைக் கடலடியில் போட்டு, அதில் உயிர்கள் குடியேறிய பிறகு எடுத்து விற்கிறார்கள். இந்தியாவில் 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்குரிய அதே இடத்தில். தொட்டி வைக்க நினைப்பவர்கள் சுட்ட மண்ணில் செய்த துளைக்கல்லையோ, நிலத்தில் தோண்டிய சுண்ணாம்புக் கல்லையோ வாங்கி, நண்பர் தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலை விதையாகப் போட்டு, மீன் விட ஆறு வாரம் பொறுங்கள். கடலில் இருக்கும் கல் கடலிலேயே கிடக்கட்டும்.