காற்றை முந்திய வண்டிக்கு ஆற்றல் தந்தது யார்?

2010 ஜூலையில் கலிஃபோர்னியாவின் எல் மிராஜ் வறண்ட ஏரிப்படுகையில் ரிக் கவல்லாரோ குழுவினரின் ‘பிளாக்பேர்ட்’ வண்டி ஓடியது. எஞ்சின் கிடையாது. காற்று வீசும் திசையிலேயே, காற்றைவிட சுமார் 2.8 மடங்கு வேகத்தில் போனது. இப்படிப்பட்ட வண்டியின் முன்னால் ஒரு நாடாவைக் கட்டினால், முதலில் அது முன்னோக்கிப் படபடக்கும். காற்றின் வேகத்தை எட்டியதும் துவண்டு தொங்கும். பிறகு ஓட்டுநர் பக்கம் திரும்பிவிடும்.

அப்படியானால் ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

தரையில் நிற்பவர், காற்றிலிருந்து என்பார். சக்கரங்கள் சங்கிலி வழியாக வண்டியில் பொருத்திய விசிறியைச் சுழற்ற, விசிறி காற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வண்டி கடந்தபின் அந்தக் காற்றின் வேகம் குறைந்திருக்கும். காற்று இழந்ததே வண்டியின் வரவு. காற்றோடு மிதக்கும் பலூன்காரருக்கோ காற்று அசையவே இல்லை. ஓடுவது தரை, சக்கரத்தைச் சுழற்றி ஆற்றல் தருவதும் அதுதான். இரண்டு கணக்கும் சரி.

ஒன்றை மற்றதிலிருந்து பிரித்துத் தனியாகப் பார்க்க முடியுமா என்ற கேள்வி பழையது. ‘செல்பவன்’, ‘செல்லுதல்’ இரண்டும் தனித்தனியே நிற்குமா என்று பௌத்த தத்துவ அறிஞர் நாகார்ஜுனர் தம் மூலமத்யமககாரிகையின் இரண்டாம் அத்தியாயத்தில் துருவிக் கேட்டார். 1715-16இல் ஆங்கிலேய தத்துவ அறிஞர் கிளார்க்குக்கு எழுதிய கடிதங்களில் ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ், வெளி என்பதே பொருள்களுக்கிடையிலான உறவுதான் என்று வாதிட்டார். பிளாக்பேர்ட் இவர்கள் பக்கமே சாய்கிறது. ஆற்றலைக் காற்றின் சொத்தென்றோ தரையின் சொத்தென்றோ பட்டா எழுத முடியாது.

அதற்காக எல்லாமே வெறும் தோற்றம் என்று சொல்லிவிடக் கூடாது. காற்றுக்கும் தரைக்கும் இடையிலான வேக வித்தியாசத்தைத் தரையில் நிற்பவரும் பலூன்காரரும் ஒரே அளவாகவே அளப்பார்கள். அது பூஜ்யமானால், ஓடும் வண்டி மெல்ல நின்றுபோவதையும் இருவருமே கணிப்பார்கள்.