அடைபட்ட வானமும் அயலான் உரிமையும்

போர் ஓரிடத்தில் நடக்கிறது. அதன் கூலியை அப்போரோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஏழையொருவன் வேறோரிடத்தில் செலுத்துகின்றான். இது நீதியாகுமா? நீதியல்ல என்றால், அவனுக்குக் கடமைப்பட்டவர் யார்? இது விசுவமடுவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் குடும்பங்கள் பலவற்றின் வீட்டுக் கேள்வியாகும். மகன் கட்டாரில் கட்டட வேலை. மகள் குவைத்தில் வீட்டு வேலை. சகோதரன் சுவிசில் அல்லது கனடாவில். இவர்களையும் பெற்றோரையும் இணைப்பது கட்டுநாயக்காவில் வந்திறங்கும் விமானம் ஒன்றே.

2025 யூன் 13 ஆம் திகதி இஸ்ரவேல் ஈரானைத் தாக்கியது. ஈரான், ஈராக், யோர்தான் முதலிய நாடுகளின் வான்பரப்பு மூடப்பட்டது. யூன் 23 ஆம் திகதி மாலை, கட்டாரிலுள்ள அமெரிக்கப் படைத்தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை ஏவிய வேளை, கட்டாரும் தன் வானத்தை அடைத்தது. அயல் நாடுகள் சிலவும் சிறிது நேரம் அவ்வாறே செய்தன. மூடப்பட்டது சில மணி நேரமே. ஆயினும் டோகாவும் துபாயும் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் சந்திகள். சந்தியை ஒரு மணி நேரம் மறித்தால் நாலு வீதிகளிலும் நாள் முழுதும் நெரிசல் நிற்கும். விமானங்கள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் வேற்றூர்களில் நிற்கின்றன. விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிடுகின்றது. சுற்றிப் பறக்கும் விமானத்துக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். அதனால் ஏற்றும் சுமை குறைகின்றது. நாளுக்கு இருமுறை போய்வந்த விமானம் ஒருமுறைதான் போய்வருகின்றது. விமானங்களின் தொகை குறையாமலே ஆசனங்கள் குறைகின்றன. ஆசனம் குறைய விலை ஏறுகின்றது.

அவ்வேளையில் தாய் இறந்த செய்தி கேட்ட ஒரு மகனை நினைத்துப் பாருங்கள். அவனது ஒரு மாதச் சம்பளம் பழைய விலைக்கே போதாது. முதலாளி தந்த விடுமுறையோ பத்து நாள். அவன் வந்து சேருமுன் அடக்கம் முடிந்துவிடும். முப்பத்தோராம் நாள் திருப்பலிக்காவது வருவானா என்பதும் சந்தேகமே.

அப்படியானால் வானத்தை அடைத்தவர்கள் குற்றவாளிகளா? இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்பிடலாகாது. 2014 யூலை 17 ஆம் திகதி கிழக்கு உக்ரேனுக்கு மேலே மலேசிய விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். அங்கே 32,000 அடிக்குக் கீழேதான் வான்பரப்பு மூடப்பட்டிருந்தது; அவ்விமானமோ 33,000 அடியில் பறந்தது. முழுவதும் மூடியிருந்தால் அந்த 298 பேரும் தாமதமாகவேனும் வீடு சேர்ந்திருப்பர். ஆகவே, உயிரைக் காக்க வானத்தை மூடுவது பாவமல்ல, கடமையே. பழி அடைத்தவரைச் சாராது. அடைக்கவேண்டிய நிலையை உண்டாக்கியவரையே சாரும்.

இந்த உண்மையை நாம் ஏடுகளிலிருந்து கற்க வேண்டியதில்லை. 1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்த்தப்பட்டது. அதில் இருந்தோர் 55 பேர். பயணிகளுள் பெரும்பாலோர் நம்மவரே. தரைப்பாதை அடைபட்டிருந்த அந்நாளில் நோயாளிக்கும் மாணவனுக்கும் இருந்த சில வழிகளுள் அதுவும் ஒன்று. 2001 யூலை 24 ஆம் திகதி கட்டுநாயக்கா தாக்கப்பட்டபோது சிறிலங்கன் விமான சேவையின் விமானங்களுள் ஏறத்தாழப் பாதி அழிந்தன அல்லது சேதமுற்றன. போர்க்காப்புறுதிக் கட்டணம் உயர்ந்தது. வேற்று நாட்டு விமானங்கள் வரத் தயங்கின. அவ்வாண்டு நாட்டின் பொருளாதாரமே சுருங்கியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். “வானத்திலிருந்து கிபிர் விமானம் குண்டு போட்டபோது பதுங்குகுழிக்குள் கிடந்தவர்கள் நாங்கள். 1995 யூலை 9 ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் ஆலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் மீதும் வானிலிருந்தே குண்டு விழுந்தது. 2009 சனவரியில் விசுவமடுவை விட்டுக் கிழக்கே நடந்தோம். அப்பொழுது எங்களுக்காக எந்த நாடு அழுதது? விமான நிலையத்தில் காத்திருப்பவனுக்காக நாங்கள் ஏன் வருந்த வேண்டும்?”

இது வெறும் வன்மமன்று, காயத்தின் குரல். அதை இகழ்பவன் வன்னியை அறியாதவன். ஆயினும் பட்ட துன்பம் நமக்குத் தருவது என்ன? அடுத்தவன் துன்பத்தைப் பாராதிருக்கும் உரிமையையா, அல்லது பிறரைவிட முதலில் அதைக் கண்டுகொள்ளும் கண்ணையா? தன் காயத்தை அளவுகோலாக வைத்து அயலானின் காயத்தைச் சிறிதென்று தள்ளுகிறவன், தன்னைத் தள்ளியவர்களின் நியாயத்தையே ஏற்றுக்கொள்கிறான். அப்போது அவர்களைக் குறை சொல்ல அவனுக்கு வாயில்லை.

1944 ஆம் ஆண்டு சிக்காகோவில் எழுதப்பட்ட உடன்படிக்கை, தன் நிலத்துக்கு மேலுள்ள வான்பரப்பு முழுவதன் மீதும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாட்சி உண்டென்று கூறுகிறது. 1983 இல் கொரிய விமானம் வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தபின், பயணிகள் விமானத்தின் மீது ஆயுதம் பிரயோகிக்கலாகாது என்ற விதி 1984 இல் அதிற் சேர்க்கப்பட்டது. இதன் பொருள் என்ன? அரசின் ஆட்சி எல்லையற்றதல்ல. வானம் அரசிடம் கொடுக்கப்பட்ட அடைக்கலப் பொருள். அதை உண்டாக்கியவர் இறைவன்.

இதே நியாயம் ஆசனத்துக்கும் பொருந்தும். படைக்கப்பட்ட பொருட்கள் எல்லா மனிதருக்குமாகவே படைக்கப்பட்டன என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதிக்கின்றது. இடுக்கண் மிகும்போது தேவையுள்ளவனின் உரிமை முந்துகின்றது என்பது புனித தோமஸ் அக்குவினாசின் படிப்பினை. விமானக் கம்பனி நட்டத்தில் பறக்க வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. கூடிய எரிபொருளுக்குக் கூடிய விலை நியாயமே. ஆனால் செலவு ஏறாத இடத்திலும், பிறனுடைய கண்ணீரைப் பார்த்து விலையை ஏற்றுவது வியாபாரமன்று. பஞ்சகாலத்தில் நெல்லைப் பதுக்குகிறவனுக்கும் கடைசி ஆசனத்தைப் பதுக்கும் பயண முகவனுக்கும் வேறுபாடு யாது?

புனித சின்னப்பர் ஏறிய கப்பல் புயலில் அகப்பட்ட வரலாற்றைத் திருத்தூதர் பணி நூலிற் காண்கிறோம். அதில் இருந்தவர் 276 பேர். நங்கூரம் இறக்குவதாகப் பாசாங்கு செய்து, மாலுமிகள் சிறு படகில் தாம் மட்டும் தப்ப முயன்றனர். அவர்கள் கப்பலில் இராவிட்டால் எவரும் பிழைக்க முடியாதெனக் கைதியாயிருந்த சின்னப்பரே எச்சரித்தார். படகின் கயிறு அறுக்கப்பட்டது. கப்பல் உடைந்தது, ஆனால் 276 பேரும் கரை சேர்ந்தனர். தப்பும் வழி சிலருக்கு மட்டும் உரியதாக இராதபோதே அனைவருக்கும் மீட்பு வந்தது.

ஆகவே நம் பங்கு என்ன? விடுமுறைக்கு வருபவர், மரண வீட்டுக்கு விரைபவனுக்குத் தன் ஆசனத்தை விட்டுக்கொடுத்து இரண்டு நாள் பொறுக்கலாம். முகவராய்த் தொழில் செய்யும் நம்மவர், தவித்தவனிடம் நியாய விலைக்கு மேல் வாங்காதிருக்கலாம். பங்கு மக்கள், வரமுடியாத மகனின் இடத்தில் நின்று தாயின் பெட்டியைச் சுமக்கலாம். வரவில்லையே என்று அவனைப் பழிக்கும் உறவினர், அடைபட்டது அவன் மனமல்ல, வானமே என்பதை உணரலாம். போரை நிறுத்தும் வல்லமை விசுவமடுவுக்கு இல்லை. ஆனால் எந்த நாட்டுப் போரையும் வேடிக்கை பார்த்துக் கைதட்டாதிருக்கும் வல்லமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. வானம் அடைபட்டால் என்னவாகும் என்று பட்டறிந்த மக்கள் நாம். அந்த அறிவுக்கு இறைவன் நம்மிடம் கணக்குக் கேட்பார்.