பாரம் போதுமா?



மத்தேயு 21-ம் அதிகாரத்தில் ஆண்டவர் இரண்டு குமாரரைப் பற்றிச் சொன்னார். தோட்டத்தில் வேலை செய்யச் சொன்னபோது ஒருவன் முடியாது என்றான், பிறகு மனஸ்தாபப்பட்டுப் போனான். மற்றவன், ‘இதோ போறேன்’ என்று மரியாதையாய்ச் சொன்னான், போகவில்லை. நம்முடைய சபைகளில் ‘ஆமென்’ சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் தோட்டத்தில் ஆள் இருக்கிறதா?

முதலாவது குமாரனைப் போல ஒரு பெண் நம் நாட்டிலே இருந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ல் இராணிப்பேட்டையில் மிஷனரிக் குடும்பத்திலே பிறந்தவர். ஆனாலும் மிஷனரி ஆக அவருக்கு இஷ்டமே இல்லை. தாயார் சுகவீனமானதால் அமெரிக்காவிலிருந்து வந்தார், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று. திண்டிவனத்தில் ஒரு இரவு மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராய் வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ‘என் தகப்பனார் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்’ என்றார் ஐடா. அந்நிய ஆண் வரக்கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் மரித்திருந்தார்கள்.

பிரியமானவர்களே, இந்த இடம் வரைக்கும் எல்லாரும் பிரசங்கம் பண்ணுகிறோம். கேட்கிறவர்கள் அழுகிறார்கள். நானும் அழுது பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் அந்த இரவின் கண்ணீரால் வேலூரில் ஒரு கட்டில்கூட வந்துவிடவில்லை. அந்தப் பெண் திரும்பிப் போய், 1895-ல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் மனப்பாடம் பண்ணி, 1899-ல் பட்டம் வாங்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி கட்ட ஆள் ஆளாய்ப் பார்த்துப் பணம் கேட்க வேண்டியிருந்தது. பரீட்சைக்குப் படித்ததும் ஊழியமா? ஊழியம்தான்! 1900-ல் வேலூருக்கு வந்தார். அதே வருஷம் தகப்பனாரும் காலமானார். கூட நின்று சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், வீட்டிலேயே ஒரு சின்ன இடத்தில் நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி. 1909-ல் நர்ஸ் பள்ளி. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918-ல்தான். அதுதான் இன்றைக்கு நாம் சி.எம்.சி. என்று சொல்லுகிற இடம்.

வசனத்தைக் கேட்டுவிட்டு அதின்படி செய்யாமல் போகிறவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளுகிறான் என்று யாக்கோபு எழுதுகிறார் (1:22). மற்றவர்களை அல்ல, தன்னையே! அது எப்படி என்று எனக்குத் தெரியும். சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் சொல்லுகிறேன்.

நம் சபையில் படுத்த படுக்கையான ஒரு வயதான தாயார் இருக்கிறார்கள். எட்டு மாதம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திலும் அவர்களுடைய பெயரைச் சொல்லி பாரத்தோடே ஜெபித்தேன். ஜெபித்து முடிக்கும்போதெல்லாம் ஏதோ அவர்களைப் பார்த்துவிட்டு வந்ததுபோல மனசு லேசாகிவிடும். அவர்கள் வீடோ என் வீட்டிலிருந்து மூன்றே தெரு! கடைசியாய்ப் போய் நின்றபோது, ‘பாஸ்டர் ஐயா, வழி மறந்து போச்சோ?’ என்றார்கள். கோபமாய்க் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. நான் அங்கே ஜெபிக்க ஆரம்பித்தேன். கையைப் பிடித்து நிறுத்தி, ‘ஜெபம் இருக்கட்டும் ஐயா. கண்ணு மறைக்குது, ரெண்டு சங்கீதம் வாசிச்சுக் காட்டுங்க’ என்றார்கள்.

எட்டு மாதமாய் அந்த வேதாகமம் தலைமாட்டில் மூடியே கிடந்திருக்கிறது.

இப்பொழுது செவ்வாய்க்கிழமை தோறும் மாலை 5 மணிக்குப் போகிறேன். முதல் சங்கீதத்தில் ஆரம்பித்து 31-க்கு வந்திருக்கிறோம். அடுத்த மாதம் வெளியூர்க் கூட்டங்கள் இருப்பதால் இரண்டு செவ்வாய் என்னால் போக முடியாது. வாசிக்கத் தெரிந்த சகோதரி ஒருவர், வாலிபப் பிள்ளையானாலும் சரி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். கொஞ்சம் சத்தமாய் வாசிக்க வேண்டும், காதும் சற்று மந்தம்.