கழிவு யாருக்குக் கழிவு?

தை மாதக் கடைசியில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்வோர் சாலையோர வயல்களில் ஒரு காட்சியைக் காணலாம். அறுவடை இயந்திரம் சென்ற வழியில் வைக்கோல் சிதறிக் கிடக்க, பின்வரும் இயந்திரம் அதை உருளைகளாகக் கட்டிப்போடுகிறது. கட்டுகள் லாரி ஏறுகின்றன. சில கேரளத்து மாட்டுத் தொழுவங்கள் வரையிலும் போகின்றன. களத்துமேட்டில் போர் போட்டு ஆண்டு முழுவதும் நாம் காத்துவந்த பொருள் இது.

இதிலிருந்து எரிபொருள் எடுப்பது இன்று கனவன்று. ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த ஆலை 2022 ஆகஸ்டு 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் திட்டம். வைக்கோலின் இறுகிய நாரைத் தளர்த்தி, செல்லுலோஸை நொதிகளால் சர்க்கரையாக்கி, புளிக்கவைத்து வடிக்கின்றனர். அரிசியிலிருந்து எத்தனால் எடுக்கையில், பசித்தவன் தட்டிலிருந்து எடுக்கிறோமோ என்ற உறுத்தல் எழும். வைக்கோலில் அந்த உறுத்தலுக்கு இடமில்லை என்கின்றனர்.

அங்கே அது பெருமளவு உண்மை. நெல் அறுத்துக் கோதுமை விதைக்கச் சில வாரங்களே கிடைப்பதால், பஞ்சாபிலும் ஹரியானாவிலும் தாளை வயலிலேயே கொளுத்துகின்றனர். அப்புகையைத் தில்லிக் குழந்தைகளும் சுவாசிக்கின்றனர். சாம்பலாகப் போவதை எரிபொருளாக்கினால் யார் குறை கூறுவர்?

ஆனால் நம் பகுதியில்? ஒற்றைப் பசுவையே சொத்தாகக் கொண்ட, காணியற்ற பெண் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். நாற்று நட்டவள் அவள். இயந்திரம் வரும்வரை கதிர் அறுத்தவளும் அவளே. கூலியோடு அவள் தலைச்சுமையாய் வைக்கோலும் வீட்டுக்கு வந்தது. எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாத உரிமை அது. இன்று அவள் கட்டுக்கு விலை கொடுக்கிறாள். நாளை ஓர் ஆலை அவளோடு போட்டியிட்டு வாங்கினால், பசு எதைத் தின்னும்? போவாசின் வயலில் ரூத்து கதிர் பொறுக்கியது பிச்சையன்று. சிந்தியதை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைப்பது லேவியர் நூலில் சட்டமாகவே இருக்கிறது.

உழவரைக் குற்றம் சாட்ட நாம் துணியவில்லை. நெல் விலை கைகொடுக்காத ஆண்டில் வைக்கோற்பணமே அவர் கடன் வட்டியை அடைக்கிறது. அவருக்கும் அவளுக்கும் இடையே தீர்ப்புச் சொல்வது எளிதன்று. மண்ணுக்கும் ஒரு பங்குண்டு. நெற்பயிர் உறிஞ்சிய சாம்பல் சத்தில் பெரும்பகுதி தாளில்தான் தங்குகிறது.

ஆலையே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் ஓடும் வண்டியில் ஏறிக்கொண்டு அப்படிச் சொல்வது அழகுமன்று. ஆனால் விழுப்புரத்துக் கரும்புத் தோட்டங்களில் சோகையைக் கொளுத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இங்கு ஆலை வருமானால், எந்த மாடும் காத்திராத அந்தச் சோகையிலிருந்து தொடங்கட்டும். வைக்கோலைக் கேட்டு வரும்போது, விலை பேசும் இடத்தில் பசு வளர்ப்பவளுக்கும் ஒரு நாற்காலி போடட்டும்.