ஊர் யாருடையது?

பெங்களூரில் நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. 'வெளியிலிருந்து வந்தவர்களால் ஊர் கெட்டது. ஏரியையும் மரத்தையும் மொழியையும் மதிக்கத் தெரியாதவர்கள்' என்கிறார் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். 'எங்கள் உழைப்பால் ஊர் செழித்தது. வரி கட்டுகிறோம், வசதி எங்கே?' என்கிறார் வந்தவர். 2001-இல் ஏறத்தாழ 57 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2011-இல் 85 லட்சமானது, குரல்களும் உயர்ந்தன.

பிறந்தவரின் வேதனை உண்மையானது. குற்றச்சாட்டு முழுதும் உண்மையன்று. தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமானதும், சம்பங்கி ஏரி விளையாட்டுத் திடலானதும் மென்பொருள் நிறுவனங்கள் அங்கே காலூன்றுவதற்கு வெகு முன்பே. தந்தையின் சொத்துக்கு உரிமை கோரும் மகன், அவர் வைத்துச் சென்ற கடனையும் ஏற்க வேண்டும் அன்றோ?

வந்தவரின் வாதம் இன்னும் வலுக்குறைந்தது. விடுதியில் தங்குபவன் வாடகையைக் கொடுத்துவிட்டுக் கலைந்த படுக்கையை அப்படியே விட்டுச் செல்வான். அங்கே அது தவறன்று. ஊர் விடுதியா? சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றப்பட்டு வரும் காவிரி நீருக்குக் கட்டணம் செலுத்தலாம். ஆற்றுக்கு யார் செலுத்தினார்கள்? (நகரின் குப்பையை நாள்தோறும் அள்ளும் துப்புரவுப் பணியாளர்களில் பலர் தெலுங்கு பேசும் குடும்பத்தினர். இந்த வழக்கில் அவர்களை எவரும் வந்தவர் கணக்கில் சேர்ப்பதில்லை.)

'எனது' என்ற எண்ணத்தை விடச் சொல்கிறது வேதாந்தம். அந்த உபதேசத்தை நகரவாசி விசித்திரமாகக் கடைப்பிடிக்கிறான். வீட்டினுள் ஒவ்வொரு கரண்டியும் அவனுடையது. வாசலைத் தாண்டிக் கிடக்கும் குப்பையிடம் மட்டும் பூரணத் துறவு! இது வைராக்கியமாகாது. மமகாரம் அழியவில்லை, வாசற்படி அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. உரிமை பேசும்போது 'எங்கள் ஊர்', உடல் வளைய வேண்டியபோது 'மாநகராட்சியின் ஊர்' என்று அதே மனம் இடம் மாறிக்கொள்கிறது. இதில் பிறந்தவர், வந்தவர் என்ற வேற்றுமை இல்லை. தமிழில் கடன் என்ற ஒரே சொல் பட்ட கடனையும் செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கிறது. பெற்றதை உணராதவனுக்குச் செய்ய வேண்டியது சுமையாகவே தெரியும்.

நகரின் குப்பை பல ஆண்டுகள் மண்டூர் என்னும் கிராமத்தில் கொட்டப்பட்டது. நாற்றத்தையும் கெட்டுப்போன நிலத்தடி நீரையும் தாங்க இயலாத கிராமத்தார் போராடினர். 2014 இறுதியில் அது நின்றது. அந்த மலையில் எந்தப் பை பரம்பரைக் குடியினுடையது, எது நேற்று வந்தவருடையது என்று மண்டூர்க்காரரால் பிரித்துச் சொல்ல முடிந்திருக்குமா?

பெங்களூரின் பெருவிழா கரகம். அதை நடத்தும் திகளர் சமூகத்தாரின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் என்பது மரபு. ஏரி நீரால் பூவும் காய்கறியும் விளைவித்த அம்மக்களின் விழாவில் ஏரிகளும் இடம்பெற்றன. இன்று கரகத்தை அயலார் விழா என்று கருதுவோர் இல்லை. சம்பங்கி ஏரியில் எஞ்சியிருப்பது, அரங்கின் அருகே அவ்விழாச் சடங்குக்காக விடப்பட்ட ஒரு சிறு நீர்நிலை மட்டுமே.